உண்ண மறுப்பது யார்? அனொரெக்ஸியா நோயாளிகளும் இங்கிலாந்து நீதிமன்றங்களும்

2012 மே மாதம் இங்கிலாந்தின் பாதுகாப்பு நீதிமன்றத்துக்கு ஓர் அவசர மனு வந்தது. தமக்குரிய முடிவைத் தாமே எடுக்க இயலாதவர்கள் எனக் கருதப்படுவோரின் உடல், உடைமை பற்றிய வழக்குகளை விசாரிப்பதற்கென்றே அமைந்த நீதிமன்றம் அது. மனுவுக்கு உரியவர், எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உண்ண மறுக்கும் அனொரெக்ஸியா என்ற மனநோய் கண்ட 32 வயதுப் பெண். முன்பு மருத்துவம் படித்தவர். தீர்ப்பில் ‘இ’ என்ற ஒற்றை எழுத்தாக மட்டுமே இடம்பெறுபவர். அவர் திட உணவு உண்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சிறிதளவு தண்ணீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்த மருத்துவர்கள், வேதனை தெரியாமல் உயிர் பிரிவதற்கான கவனிப்பில் அவரை வைத்திருந்தார்கள். பெற்றோரும் அதற்கு மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில்தான், ஒருவரை இப்படிச் சாக விடுவது சட்டப்படி சரிதானா என்று கேட்டு உள்ளாட்சி அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி பீட்டர் ஜாக்சன் ஜூன் மாதம் தீர்ப்பளித்தார். விருப்பத்துக்கு மாறாக உணவூட்டுவது சட்டப்படி செல்லும், அது அவருடைய நலனுக்கும் உகந்தது என்றார். இரு பக்கத்து நியாயங்களும் ஏறக்குறையச் சமமாகவே நிற்கின்றன என்றும், தராசு மெல்லத்தான் என்றாலும் ஐயத்துக்கு இடமின்றி உயிர்காக்கும் பக்கம் சாய்கிறது என்றும் எழுதினார். அதே ஆண்டு, அதே நீதிமன்றத்தில், அதே சட்டத்தின்படி, நீதிபதி எலினார் கிங் ‘எல்’ என்ற 29 வயதுப் பெண்ணின் வழக்கில் வன்முறையாக உணவூட்டக் கூடாது என்று முடிவு செய்தார். இருவருக்கும் ஒரே நோய். இருவருக்குமே இது குறித்து முடிவெடுக்கும் திறன் இல்லை என்றுதான் நீதிமன்றம் கண்டது. அப்படியிருந்தும் ஒருவருக்குக் குழாய்வழி உணவு, மற்றவருக்கு அது வேண்டாம். வழி எங்கே பிரிந்தது என்று பார்த்தால், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தச் சட்டத்துறை எப்படி வளர்ந்தது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் எடைக் கணக்கு எதுவும் வராது. தீர்ப்புகளில் அவை துல்லியமாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இந்த நோய் கண்டவர்கள் பிறருடைய எடையைத் தம் இலக்காக்கிக்கொள்வது உண்டு என்பதால், பொதுவில் எழுதும்போது எண்களைத் தவிர்ப்பதே நல்ல வழக்கம்.

அனொரெக்ஸியா நெர்வோசா என்பதைத் தமிழில் பசியின்மை என்று எழுதிவிடுகிறார்கள். காய்ச்சல்காரருக்கு வருவது பசியின்மை. இது வேறு. மூலச் சொல்லே பிழையானதுதான்: லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களில் வைத்த அந்தப் பெயருக்கும் பசி இல்லாமை என்றே பொருள். நோயாளிக்குப் பசி உண்டு, பெரும்பாலும் நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய நினைவும் உண்டு. அந்தப் பசியைவிடப் பெரிதாக, எடை கூடிவிடுமே என்ற அச்சம் உட்கார்ந்திருக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்த ஆய்வு புகழ்பெற்றது. எந்த மனநோயும் இல்லாத அவர்கள், உடல் மெலிய மெலிய வேறு எதிலும் நாட்டம் இல்லாமல் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாக மாறினார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறோம். பறந்துபோகும் அந்தப் பத்தில் அறிவுடைமையும் ஒன்று. பட்டினி கிடக்கும் மூளை சொல்லும் ‘வேண்டாம்’ என்பதை யாருடைய சொல்லாக எடுத்துக்கொள்வது என்ற சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இங்கிலாந்துச் சட்டத்தின் அடிப்படை நெறி தெளிவானது. முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்தவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். மறுப்பால் உயிர் போகும் என்றாலும், மறுப்பதற்கான காரணம் மற்றவர்களுக்கு அபத்தமாகப் பட்டாலும், அது செல்லும். 2005-இல் இயற்றப்பட்டு 2007-இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டம் இதை எழுத்தில் வடித்தது. ஒருவர் எடுக்கும் முடிவு விவேகமற்றது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று அதன் முதல் பிரிவே எச்சரிக்கிறது. திறன் உண்டா என்று பார்க்க அச்சட்டம் நான்கு சோதனைகளை வைக்கிறது: விவரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், மனத்தில் வைத்திருக்க வேண்டும், சீர்தூக்கிப் பார்க்க வேண்டும், முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

அனொரெக்ஸியா நோயாளி இவற்றில் மூன்றைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். தன் நோயைப் பற்றி, பொட்டாசியம் குறைந்தால் இதயத்துக்கு என்ன ஆகும் என்பது வரை, வார்டில் உள்ள இளநிலை மருத்துவரைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர்கள் உண்டு. 2003-இல் ஜசிந்தா டான் என்ற மனநல மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் இந்நோய் கண்ட பத்து இளம்பெண்களைப் பேட்டி கண்டு வெளியிட்ட ஆய்வில், முறையான திறன் சோதனையில் அவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் எதற்கு எவ்வளவு மதிப்பு என்ற அளவுகோல் அவர்களிடம் மாறியிருந்தது. சாவும் ஊனமும் ஒல்லியாக இருப்பதற்கு அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. நீதிமன்றங்கள் இந்த மாற்றத்தை ‘சீர்தூக்கிப் பார்த்தல்’ என்ற மூன்றாவது சோதனையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன: எடை கூடுவது பற்றிய அச்சம் தராசின் ஒரு தட்டை அழுத்திப் பிடித்திருக்கும்போது, மற்ற தட்டில் எதை வைத்தாலும் அது அசையாது, ஆகவே அவர் எடைபோடவே இல்லை என்பது வாதம்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது, அதை நீதிபதி ஜாக்சனே ஒப்புக்கொண்டார். கடும் அனொரெக்ஸியா கண்டவர், உண்ணமாட்டேன் என்று முடிவு செய்வதாலேயே முடிவு செய்யும் திறன் தமக்கில்லை என்று நிரூபித்தவராகிவிடுகிறார் என்று அவர் ‘இ’ வழக்கின் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். ‘இ’ தமக்கு உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று 2011-இல் எழுதிக் கையெழுத்திட்ட ஆவணமும் இந்தச் சுழலில்தான் சிக்கியது. சட்டம் அத்தகைய முன்மறுப்பு ஆவணத்தை ஏற்கிறது. அது எழுத்தில், கையொப்பத்துடன், சாட்சியுடன் இருக்க வேண்டும். ஆனால் எழுதிய நேரத்தில் அவருக்குத் திறன் இருந்ததா என்று யாரும் முறையாகச் சோதித்துப் பதிவுசெய்திருக்கவில்லை. அப்போதும் அவருக்குத் திறன் இருந்திருக்காது என்று நீதிபதி முடிவுசெய்ததால் ஆவணம் செல்லாமல் போயிற்று. இத்தகைய ஆவணத்தை எழுத நினைப்பவர் அன்றே முழுமையான திறன் மதிப்பீட்டையும் செய்துகொள்ள வேண்டும் என்பது இந்த வழக்கிலிருந்து வழக்கறிஞர்கள் எடுத்துக்கொண்ட பாடம். வளரிளம் வயதில் பிடித்த நோய் விடாமல் தொடர்பவர் திறனோடு இருந்த நாள் என்று எதைக் காட்டுவது என்பதற்கு அந்தப் பாடத்தில் விடை இல்லை.

சிறுவர் விஷயத்தில் சட்டம் இந்தச் சுழலுக்குள் போகவே இல்லை. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்தது தாய் தந்தை இருவரையும் இழந்த 16 வயதுப் பெண்ணின் வழக்கு. 16 வயதானவர் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. ஒப்புதல் தரலாம் என்றால் மறுக்கவும் உரிமை உண்டுதானே என்பது அவர் தரப்பு. நீதிபதி டொனால்ட்சன் பிரபு அதை ஏற்கவில்லை. அச்சட்டத்தின் ஒப்புதல், மருத்துவரை வழக்கிலிருந்து காக்கும் குண்டு துளைக்காத சட்டை. அதை யார் கொடுத்தாலும் போதும், அவர் மறுத்தாலும் நீதிமன்றம் கொடுக்கலாம் என்றார். தெரிந்து தேர்ந்தெடுக்கும் ஆற்றலையே அழிக்கவல்லது இந்நோய் என்றும், சிகிச்சையை மறுக்கும் உந்துதலை அதுவே உண்டாக்குகிறது என்றும் அவர் சொன்னது பிற்காலத் தீர்ப்புகள் பலவற்றில் வேறு வேறு சொற்களில் எதிரொலிக்கிறது.

பெரியவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது; உண்மையில் வார்டுகளில் அன்றாடம் நடப்பது அதன் வழியாகத்தான். 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் மருத்துவமனையில் தடுத்து வைக்கப்பட்டவருக்கு மனநோய்க்கான சிகிச்சையை அவர் ஒப்புதல் இல்லாமலே கொடுக்கலாம். அவருக்குத் திறன் இருந்தாலும் கொடுக்கலாம். சோறு மருந்தாகுமா என்ற கேள்வி 1990-களில் எழுந்தது. பட்டினி இந்த மனநோயின் அறிகுறி, அறிகுறியைத் தணிப்பதும் நோய்க்கான சிகிச்சைதான் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஹாஃப்மன் இதை உறுதி செய்தபின், குழாய்வழி உணவூட்ட நீதிபதியின் அனுமதி தேவையில்லை என்றாகிவிட்டது.

அந்தக் குழாய் என்பது என்ன என்று ஒரு கணம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ரைல்ஸ் டியூப் என்று சொல்லும் அதே பொருள்தான். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரையும் வைத்து நீளத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். மூக்கின் வழியாக இறக்கும்போது, விழுங்குங்கள் விழுங்குங்கள் என்று செவிலியர் சொல்லிக்கொண்டே இருப்பார். இறங்கியது வயிற்றுக்குள்ளா நுரையீரலுக்குள்ளா என்று தெரிய, உறிஞ்சியெடுத்த நீரின் அமிலத்தன்மையைத் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். ஒத்துழைப்பவருக்கு இது சில நிமிட வேலை. ஒத்துழைக்காதவருக்குக் கையை, காலை, தலையை ஆளுக்கொருவர் பிடிக்க வேண்டும். அவர் பிடுங்கிப் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து, அதுவும் நாள் தவறாமல், மாதக்கணக்கில். உணவு உள்ளே போனபின்னும் ஆபத்து தீர்ந்துவிடாது: நீண்ட பட்டினிக்குப் பிறகு வேகமாக ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். மருத்துவர்கள் நீதிமன்றத்தில் கட்டாய உணவூட்டல் என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

‘இ’யும் ‘எல்’லும் பிரிந்தது இந்த இடத்தில்தான். திறன் இல்லை என்று கண்டபின் நீதிமன்றம் கேட்க வேண்டியது, அவருடைய நலனுக்கு எது உகந்தது என்பது. ‘இ’க்குச் சிகிச்சை ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும், குணமாகும் வாய்ப்பு அதிகம் போனால் ஐந்தில் ஒன்று, ஆனால் அந்த ஒன்று இருந்தது. அவரைக் கவனித்துவந்த மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, வெளியிலிருந்து வந்த நிபுணர், இன்னும் முயன்று பார்க்காத சிகிச்சை உண்டு என்று சொன்னார். தீர்ப்பு அந்தச் சாட்சியத்தின் மேல் நிற்கிறது. ‘எல்’லின் உடல் அதைத் தாண்டிப் போயிருந்தது. வளரிளம் வயது முதல் வாழ்நாளில் பெரும்பகுதியை மருத்துவமனைகளிலேயே கழித்துவிட்ட அவரை மயக்கமருந்து கொடுத்தோ அழுத்திப் பிடித்தோ ஊட்ட முயன்றால், அந்த முயற்சியே உயிரைப் பறித்துவிடும் என்பது மருத்துவச் சாட்சியம். அவர் ஏற்கும் உணவையும் மருந்தையும் தொடர்ந்து கொடுக்கலாம், வலுக்கட்டாயம் மட்டும் கூடாது என்றது நீதிமன்றம்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. திறன் இல்லை என்று சொல்லி முன்வாசலில் தடுக்கப்பட்ட நோயாளியின் விருப்பம், நலன் எது என்று எடைபோடும் கட்டத்தில் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது; ஏனென்றால் நலனைக் கணிக்கும்போது அவருடைய விருப்பத்தையும் உணர்வையும் நம்பிக்கைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே 2005 சட்டம்தான் கட்டளையிடுகிறது. சிகிச்சையை நிறுத்துவது நலனுக்கு உகந்ததா என்று கேட்கக்கூடாது, கொடுப்பது உகந்ததா என்றே கேட்க வேண்டும் என்று 2013-இல், வேறு நோய் பற்றிய ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி லேடி ஹேல் சொன்னபின் அந்த விருப்பத்துக்கு இன்னும் கனம் கூடியது. ஒருவருடைய சொல்லை இது நோயின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, அதே சொல்லை அவருடைய விருப்பம் என்று மதிப்பது முரண்பாடுதான். அந்த முரண்பாடு இல்லாவிட்டால் இந்தச் சட்டம் மனிதத்தன்மையற்றதாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2012-க்குப் பிறகு வெளிவந்த தீர்ப்புகளில் பெரும்பாலானவை ‘எல்’லின் வழியில் போனவை. 2014-இல் நீதிபதி காப் விசாரித்த ‘எக்ஸ்’ என்ற பெண்ணுக்கு அனொரெக்ஸியாவோடு மதுப்பழக்கமும் முற்றிய கல்லீரல் சிதைவும் இருந்தன; கட்டாயச் சிகிச்சைக்குப் பிறகு வெளியே வரும்போதெல்லாம் அவர் முன்னிலும் மோசமாகக் குடித்தார், ஆகவே பட்டினியிலிருந்து காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் கல்லீரலைக் கொல்வதாயிற்று. மது விஷயத்தில் அவருக்குத் திறன் உண்டு, உணவு விஷயத்தில் இல்லை என்று நீதிபதி பிரித்துக் கண்டார். ‘இ’க்கு உணவூட்ட அனுமதித்த நீதிபதி ஜாக்சனே 2016-இல், இருபது ஆண்டுகளாக நோயோடு வாழ்ந்த 28 வயதுப் பெண்ணை மருத்துவமனையிலிருந்து விடுவித்து, வெளியில் கிடைக்கும் ஆதரவோடு வாழ விடலாம் என்று தீர்ப்பளித்தார். 2022-இல் 19 வயதுப் பெண் ஒருவருக்கும் குழாய்வழி உணவை நிறுத்த அனுமதி கிடைத்தது.

தீர்ப்புகளை மட்டும் படிப்பவர், நீதிமன்றங்கள் சாக விடும் பக்கமே சாய்கின்றன என்று நினைத்துவிடுவார். அது தோற்றம்தான். ஊட்டுவதற்கு 63-ஆம் பிரிவே போதும் என்பதால் ஊட்ட விரும்பும் மருத்துவர் நீதிபதியிடம் போவதில்லை. ஊட்டாமல் இருக்க விரும்பும் மருத்துவருக்குத்தான் பயம்: அதிகாரம் கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டீர்களே என்று நாளை மரண விசாரணையில் கேட்டால் என்ன சொல்வது? இப்படிப்பட்ட உயிர்ப் பிரச்சினையில் நீதிமன்றத்தின் அறிவிப்பைப் பெற்றுக்கொள்வதே தகும் என்று 2014-இல் நீதிபதி மாஸ்டின் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தார். ஆகவே நீதிமன்றப் படியேறும் வழக்குகள் பெரும்பாலும், நிறுத்துவது என்று மருத்துவமனை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டவை; நீதிபதியிடம் கேட்பது பாதுகாப்பு.

அங்கேதான் என் கவலையும் இருக்கிறது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை யார் சொல்கிறார் என்பதே தீர்ப்பைத் தீர்மானிக்கிறது என்றால், அது எதைக் குறித்துச் சொல்லப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்: மருத்துவத்தைக் குறித்தா, அந்த ஊரில் கிடைக்கும் மருத்துவத்தைக் குறித்தா? இங்கிலாந்தின் உணவுக் கோளாறுச் சிகிச்சைச் சேவைகள் நோயாளிகளைக் கைவிடுகின்றன என்று நாடாளுமன்ற, சுகாதாரச் சேவைக் குறைதீர்ப்பாளர் 2017-இல் அறிக்கையே வெளியிட்டார். ‘இ’ வழக்கில் நீதிபதி ஜாக்சன் இதை அப்போதே உணர்ந்திருந்தார். இவ்வளவு கடுமையான தலையீட்டைத் தொடங்கிவைக்கும் அரசு, குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்கும் வேண்டிய வசதிகளைக் கொடுத்து அதை முடித்துவைக்கக் கடமைப்பட்டது என்று எழுதினார்.

அமெரிக்காவில் இதே விவாதம் வேறு வடிவம் எடுத்தது. 2016-இல் நியூஜெர்சியில் 29 வயதுப் பெண் ஒருவர் கட்டாய உணவூட்டலை மறுத்து, வேதனையைத் தணிக்கும் கவனிப்பை மட்டும் ஏற்கலாம் என்று நீதிபதி பால் ஆம்ஸ்ட்ராங் தீர்ப்பளித்தார். 1970-களில், நினைவு திரும்பாமல் கிடந்த கேரன் ஆன் குவின்லன் என்ற பெண்ணின் பெற்றோருக்காக, செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றும் உரிமை கேட்டு வாதாடிய வழக்கறிஞரும் அவரே. 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், நீண்டகாலம் நோயுற்று எல்லாச் சிகிச்சையும் பார்த்துவிட்ட, முப்பது வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ‘இறுதிநிலை அனொரெக்ஸியா’ என்ற வகைப்பாட்டை முன்மொழிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. புற்றுநோயின் இறுதிநிலையை ஸ்கேன் படத்தில் காட்டலாம். இதில் காட்ட ஒன்றுமில்லை. அதோடு, 2017-இல் பாஸ்டனிலிருந்து வெளியான நீண்டகால ஆய்வில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 22 ஆண்டுகளுக்குப் பின் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகியிருந்தது. பத்தாவது ஆண்டில் முடிந்த கதை என்று கோப்பை மூடியிருந்தால், பின்னர் எழுந்து நடந்தவர்களில் பலரும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்திருப்பார்கள்.

அண்மைக் காலத்து வழக்கு ஒன்று இதை நேராகவே தொட்டது. நீதிமன்றம் ‘பட்ரீசியா’ என்ற புனைபெயரால் குறிப்பிடும் இளம்பெண்ணுக்கு அவர் விருப்பத்துக்கு மாறாக உணவூட்டக் கூடாது என்று 2023-இல் நீதிபதி மூர் உத்தரவிட்டிருந்தார். பட்ரீசியாவின் உடல்நிலை பின்னர் மேலும் சரிந்தது. 2025-இல் குடும்பத்தார் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்: நோயாளியைக் காப்பதற்காகப் போட்ட உத்தரவே, காப்பாற்ற முன்வரும் மருத்துவருக்குத் தடையாக நிற்கிறது என்பது அவர்கள் முறையீடு. நீதிபதி ஆர்பத்நாட் முந்தைய உத்தரவுகளை நீக்கினார். ஊட்டியே ஆக வேண்டும் என்று அவர் சொல்லிவிடவில்லை. பாதுகாப்பு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமும் இல்லை. மனநலச் சட்டத்தின்படி என்ன செய்வது என்ற முடிவு மருத்துவர்கள் கைக்குத் திரும்பிப் போயிற்று.